அழைப்பிதழில் அப்பா பெயர்

பவானிபூர், கல்கத்தா
2 ஜூன் 2025

தற்சமயம் போன் உள்ள சொந்தக்காரர்கள் அனைவராலும் தேடப்படும் அகிலா அத்தாச்சிக்கு,

உன் மாமன் மகள் அனன்யா வணக்கம் சொல்லி எழுதுவது. நாங்கள் நலம். உன் நலம் எனக்கு வாட்ஸாப்பிலேயே வந்துவிட்டது. “இந்தப் பெண் ஐயாயிரம் ரூபாய் கடன் வாங்கிவிட்டு ஓடிவிட்டாள்” என்று உன் ஆதார் படத்தைப் போட்டு அந்தக் கடன் ஆப்காரன் அப்பாவுக்கும் எனக்கும் கடை நம்பருக்கும் அனுப்பியிருந்தான். ஆதார் படத்தில் எல்லோருமே திருட்டு முழிதான் முழிப்போம். ஆனால் உனக்கு அது அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கிறது.

வாங்கியதைக் கட்டிய பிறகும் அவன் விடவில்லை, நீ சிம்மை உடைத்துக் கிணற்றில் போட்டுவிட்டாய் என்று உன் அம்மா, என் சுந்தரி அத்தை, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து சொன்னாள். அதனால்தான் கடிதம். போஸ்ட் ஆபீஸில் ஸ்டாம்ப் கேட்டேன். கவுண்ட்டர் தாதா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஸ்கூல் ப்ராஜெக்டா என்று கேட்டார். (இங்கே தாதா என்றால் அண்ணன். உங்கள் ஊரில் வட்டி வசூலிக்கிற ரவுடி.)

நீ அத்தை மூலம் கேட்கச் சொன்னதைக் கேட்டேன். அப்பா கடையில் அப்பளக் கட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். அத்தாச்சி லோடு ஆட்டோ வாங்கப் போகிறாள், மூன்று லட்சம் குறைகிறது, நம் தமிழர் நலநிதியிலிருந்து கொடுக்கலாமே, நீங்கள்தானே பொருளாளர் என்றேன். அவர் அப்பளத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஷூரிட்டி யாரு?”

நீங்கதான் என்றேன். ஒரு கட்டு நொறுங்கியது.

பொங்கல் விழா மேடையில் வருஷா வருஷம் “நம்பிக்கையே நம் மூலதனம்” என்று பேசுகிற மனிதர் இவர். அந்த நிதியில் இதுவரை மூன்று பேர் கடன் வாங்கியிருக்கிறார்கள். மூன்று பேரும் கமிட்டி மெம்பர்கள். அவர்களுக்கு ஒருவர் மேல் ஒருவருக்கு எவ்வளவு நம்பிக்கை, பார்.

அங்கே ஊரில் நம்பி வாங்கக்கூடிய மனிதர் ஒருவர்கூடவா இல்லை? எழுது.

உனக்கு ஜாமீன் நிற்க முடியாத,
அனு


வன்னிக்காடு, பேராவூரணி
14 ஜூன் 2025

அன்புள்ள வாயாடிக்கு,

அத்தாச்சி எழுதுவது. அம்மா சுகம். உன்னை நன்றாகச் சாப்பிடச் சொன்னாள். வாய்க்குத்தான் ஓய்வு இல்லையே, அதோடு சோறும் போகட்டும் என்று நான் சொன்னேன்.

நம்பிக்கையான கடன்காரர் பட்டியல் கேட்டாயே. பாங்க் மேனேஜர் முதலில். வருமானச் சான்று கொண்டுவா என்றார். வருமானம் வரத்தான் சார் வண்டியே கேட்கிறேன் என்றேன். ஏ.சி.யைக் கூட்டிவைத்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அடுத்து மைக்ரோ ஃபைனான்ஸ் கம்பெனியின் வசூல்காரன் சுரேஷ்குமார். செவ்வாய்க்கிழமை காலையில் வருவான். பத்துப் பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை கட்டவில்லை என்றால் மற்ற ஒன்பது பேரையும் அவள் வாசலில் உட்காரவைப்பான். தரையில்தான். அவனுக்கு மட்டும் அவள் வீட்டு நாற்காலி. போன வாரம் ஜலஜா பிள்ளைக்குக் காய்ச்சல் என்று கெஞ்சினாள். “காய்ச்சலுக்கு லீவு உண்டுக்கா, தவணைக்குக் கிடையாது” என்றான். சட்டைப் பையில் இரண்டு பேனா குத்தியிருப்பான், இரண்டும் எழுதாது. கையெழுத்து வாங்க நம் பேனாவைத்தான் கேட்பான். இவனிடம் வாங்குவதைவிட நான் தேங்காயைத் தலையில் சுமப்பேன்.

அப்புறம் எனக்குச் சித்தப்பா முறை ஆகும் ஒருவர். நூற்றுக்கு ஐந்து வட்டி, முதல் மாதத்தைப் பிடித்துக்கொண்டு தருவார். “நீ எனக்கு மக மாதிரி” என்று சொல்லிவிட்டு ஆறு ஆக்கினார். இன்னும் கொஞ்சம் பாசம் காட்டினால் தாங்காது என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஆக, மொய் விருந்து வைக்கப் போகிறேன். உனக்குத் தெரியாது, சொல்கிறேன். ஆடி மாதம் பந்தல் போட்டு, ஆடு அடித்து, ஊரைக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுவோம். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். அது அன்பளிப்பு இல்லை, கடன். அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் போய் அதைத் திருப்பி வைத்து, மேலே கொஞ்சமும் வைக்க வேண்டும். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது. திருப்பி வைக்காதவனை யாரும் அடிக்க மாட்டார்கள். அவன் வீட்டுப் பேச்சை எடுக்கும்போது மட்டும் ஒரு மாதிரி சிரிப்பார்கள். அப்பா சாகும்வரை போகாத விருந்து இல்லை. அவர் வைத்ததெல்லாம் எனக்கு வரவேண்டியது.

இன்னொன்றும் உனக்குத் தெரியாது போலிருக்கிறது. உங்கள் பவானிபூர் கடையின் முதல் மூட்டை அரிசி இங்கே மொய் விருந்தில் வந்த பணம். நீ பிறப்பதற்கு முன்னால் மாமா விருந்து வைத்தார், பணத்தோடு ரயிலேறினார். அதற்கப்புறம் ஒரு விருந்துக்கும் வரவில்லை, ஒருவருக்கும் திருப்பி வைக்கவில்லை. அவர் பேச்சு வந்தால் ஊரில் அந்தச் சிரிப்புதான். அம்மா அந்த நேரம் பார்த்து ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போய்விடுவாள்.

நீ கம்ப்யூட்டரில் படம் போடுவாயே, அழைப்பிதழ் செய்து தருகிறாயா? ஆகஸ்ட் பத்து, ஞாயிறு. விவரம் பின்னால் இருக்கிறது. பேராவூரணி பிரஸ்காரருக்கு நேரே மெயில் அனுப்பிவிடு. என்னிடம் இப்போது இருப்பது பட்டன் போன், அதில் பாம்பு விளையாட்டுகூட இல்லை.

அன்புடன்,
அகிலா


பவானிபூர்
27 ஜூன் 2025

ஆடு வெட்டி வண்டி வாங்கப் போகும் அத்தாச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். கறிச்சோறு போட்டுக் கடன் வாங்குகிற ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. வங்கிகள் முன்னேற வேண்டுமானால் மேனேஜருக்கு ஒரு பிளேட் பிரியாணி வைத்தால் போதும் போல.

மூன்றாவது தடவை சிரிப்பு வரவில்லை. “வெறும் கையோட ஹௌரால இறங்கினேன்” என்பது எங்கள் வீட்டில் தினமும் இரண்டு வேளை ஓடுகிற வசனம். எனக்கு மார்க் குறைந்தால் வெறும் கை. அம்மா புடவை கேட்டால் வெறும் கை. அந்தக் கையில் ஒரு ஊர் கொடுத்த பணம் இருந்தது என்று இந்த வயதில்தான் தெரிந்துகொள்கிறேன்.

இதே ஆள் துர்கா பூஜைக்குக் கிளப் பையன்கள் சந்தா வசூலுக்கு வந்தால் கேட்டதைவிட நூறு ரூபாய் கூடக் கொடுத்து, ரசீதைக் கல்லாவுக்கு மேலே ஒட்டிவைப்பார். அவர்கள் எதிரே நிற்கிறார்கள், உங்கள் ஊர் இரண்டு நாள் ரயில் தூரத்தில் இருக்கிறது. அப்பாவின் நாணயம் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று குறைந்துகொண்டே போகும் போல.

அழைப்பிதழ் முடிந்தது, பிரஸ்ஸுக்கு அனுப்பிவிட்டேன். மேலே இரண்டு குத்துவிளக்கு, கீழே நீ கேட்ட தென்னை மரம். ஒரு ஆட்டுப் படமும் போட்டேன், பாவமாக இருந்தது, எடுத்துவிட்டேன். நடுவில் என் செலவில் ஒரு அலங்காரம் இருக்கிறது. என்னவென்று சொல்ல மாட்டேன். அச்சாகி வரும்போது பார். அதைப் பார்த்து ஊர் அப்பாவுக்குப் போன் போடும், அவர் முகம் போகிற போக்கை நான் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பேன். மானம் போகிற பயத்திலாவது உனக்கு ஏதாவது அனுப்புவார்.

டிசைனர்,
அனு


வன்னிக்காடு
20 ஜூலை 2025

என் தங்கமான அனுவுக்கு,

போன வாரம் அழைப்பிதழ் கட்டு வந்தது. பிரித்தவள் அம்மாதான். சத்தமே இல்லையே என்று போய்ப் பார்த்தால் கையில் ஒன்றை வைத்துக்கொண்டு நிற்கிறாள். என் படத்துக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் மாமா படம். “மொய் விருந்து நடத்துவோர்: கல்கத்தா தொழிலதிபர் ராஜாராமன், அகிலா பரமசிவம்.”

மாமா சம்மதித்ததை நீ சொல்லவே இல்லையே. அலங்காரம் என்று எழுதினாயே, நான் பூ வரைந்திருப்பாய் என்று நினைத்தேன். அம்மா அந்தப் படத்தை முந்தானையால் துடைத்து அப்பா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். இத்தனை வருஷம் கழித்து அவள் தம்பி ஊர்ப் பந்தலில் நிற்கப் போகிறார், பழைய மொய்யெல்லாம் தீர்க்கப் போகிறார் என்று தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டது. பக்கத்து வீட்டுப் போனில் மாமாவைக் கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ரயில் டிக்கெட்டுக்கு அலைந்துகொண்டிருப்பான் என்கிறாள்.

ஆயிரம் அழைப்பிதழும் கொடுத்தாகிவிட்டது. மாமா பெயரைப் பார்த்துவிட்டு, வராதவர்கள்கூட வருகிறோம் என்கிறார்கள். நான் இன்னும் இரண்டு ஆடு கூடச் சொல்லியிருக்கிறேன், பணம் விருந்து முடிந்து தருவதாகப் பேச்சு. வண்டியும் பார்த்துவிட்டேன். பழையதுதான், நீலக்கலர். கதவு மூடும்போது மட்டும் திட்ட வேண்டும்.

மாமாவுக்கு என் வணக்கம் சொல். அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றும் சொல்.

அன்பு முத்தங்களுடன்,
அத்தாச்சி


பவானிபூர்
1 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அத்தாச்சிக்கு,

உன் கடிதம் நேற்று வந்தது. இங்கே மழை. கடைக்குள் முட்டிவரை தண்ணீர். அப்பா காப்பிக்கொட்டை மூட்டையைப் பரணில் ஏற்றினார், நான் பிடித்துக்கொண்டேன். மூட்டை கையில் இருக்கும்போது சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

அப்பா வருவது கொஞ்சம் சந்தேகம்தான் என்று தோன்றுகிறது. கொஞ்சம் என்றால், நிறைய. அவருக்கு அந்தப் பெயர் விஷயம் தெரியாது. ஊரிலிருந்து நாலைந்து போன் வந்தது. தெரியாத நம்பர் எல்லாம் கடன் ஆப்காரன் என்று சொல்லி எடுக்காமலே இருக்கிறார். அவர் முகம் ஒரு போக்கும் போகவில்லை.

பக்கத்து வீட்டு நம்பருக்கு இரண்டு தடவை டயல் செய்தேன். அத்தை எடுத்தால் என்ன சொல்வதென்று தெரியாமல் வைத்துவிட்டேன். பெயர்தானே, மேடையில் தலைமை தாங்குவதற்குப் போடுவார்களே, அது மாதிரி நினைத்துத்தான் போட்டேன். வராவிட்டால் என்ன, விருந்து விருந்துதானே? கறி ருசியாக இருந்தால் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

ஸ்பீட் போஸ்ட்டில் போடுகிறேன்.

அனு


வன்னிக்காடு
14 ஆகஸ்ட் 2025

அனன்யாவுக்கு,

உன் ஸ்பீட் போஸ்ட் எந்த மழையில் மாட்டியதோ, விருந்து முடிந்து மறுநாள் வந்தது.

கறி ருசியாகத்தான் இருந்தது. யாரும் எதையும் மறக்கவில்லை.

மொய் எழுதுகிற மேசையில் முதலில் வந்தவர் மேலத்தெருக்காரர், உன் அப்பா வயது. வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார். “ராஜாராமனுக்கு அன்னைக்கு நான் வச்சது அஞ்சாயிரம். இன்னைக்கு நான் வைக்க வேண்டியதை அதுல கழிச்சுக்கம்மா. சாப்பாடு நல்லா இருந்துச்சு.” கையைத் துடைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் பின்னால் நின்றவர் பத்தாயிரம் கழித்தார். அதற்கப்புறம் வரிசை முழுக்கக் கழிவுதான். எங்கள் அப்பாவுக்குத் திருப்பி வைக்க வேண்டியதை எண்ணி எடுத்து வந்தவர்கள்கூட, மாமா பாக்கியைக் கழித்துக்கொண்டு மீதியைத்தான் வைத்தார்கள். தப்பே இல்லை. அழைப்பிதழில் நடத்துவோர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் விருந்தின் சொந்தக்காரர். அவர் பழைய பாக்கி வைத்திருந்தால் அதில் கழிப்பதுதான் வழக்கம். நீ தலைமை தாங்குவது என்று நினைத்தாயா? இங்கே பெயர் போடுவது மாலை வாங்குவதற்கு இல்லை.

அது உன் விளையாட்டு, மாமாவுக்குத் தெரியாது என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் வராததால் விருந்துக்கு நடுவிலேயே சந்தேகம் வந்தது. வாயைத் திறக்கவில்லை. திறந்திருந்தால், பொய்ப் பெயர் போட்டு ஊரைக் கூட்டியவள் ஆகியிருப்பேன். அப்புறம் இந்த ஊரில் எனக்கு ஒரு டீகூடக் கடனுக்குக் கிடைக்காது. அதனால் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினேன். அம்மா சாயங்காலம்வரை பஸ் வருகிற பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணக்கு சொல்கிறேன். கழிந்தது இரண்டு லட்சத்து எழுபதாயிரம். கைக்கு வந்தது தொண்ணூறாயிரம். ஆடு, அரிசி, பந்தல் செலவு ஒரு லட்சத்து நாற்பது. வண்டி வாங்கப் போய் ஆட்டுக்குக் கடன்காரி ஆனேன்.

நீ ஒரு நல்ல காரியமும் செய்திருக்கிறாய். வன்னிக்காட்டில் உன் அப்பா இன்று வெளியாள் யாருக்கும் ஒரு ரூபாய் தர வேண்டியதில்லை. எல்லாம் என் ஒருத்திக்குத்தான். அவரிடம் சொல்லிவிடு. வட்டி வேண்டாம்.

அகிலா


பவானிபூர்
30 ஆகஸ்ட் 2025

அத்தாச்சிக்கு,

ஐந்து தடவை எழுதிக் கிழித்தேன். ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஒரு ஜோக் வந்துவிட்டது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடையில், ஆள் இருக்கும்போதே சொன்னேன். காப்பி அரைக்கிற மிஷினைப் போட்டார். அது ஓடி முடியும்வரை நின்றேன். கொட்டை தீர்ந்த பிறகும் வெறும் மிஷின் ஓடியது. கடைசியில் அதை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்.

“அப்போ ஊர்ல நாம யாருக்கும் பாக்கி இல்லேன்னு சொல்லு.”

அகிலா அத்தாச்சிக்கு இருக்கிறதே என்றேன். அது வீட்டுக்குள்ளதானே, வெளியாள் இல்லையே என்றார். சொந்தத்துக்குள் எழுதாத பணத்துக்குக் கணக்கு பேசுவது அசிங்கமாம். இரண்டு நாள் கழித்து விசில் அடித்துக்கொண்டே ஊருக்கு டிக்கெட் எடுத்தார். இனி தலைநிமிர்ந்து கோயிலுக்குப் போகலாமாம். நான் பிறந்ததிலிருந்து அவர் விசில் அடித்துக் கேட்டதில்லை.

எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இதுநாள்வரை அவரைக் கிண்டல் செய்துகொண்டிருந்தேன், அவ்வளவுதான். இது வேறு.

ஆனால் ஆட்டை வெட்ட வைத்தது அவர் இல்லை, நான். போன திங்கட்கிழமை எனக்குப் பதினெட்டு முடிந்தது. காளிகாட்டில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இத்துடன் மணியார்டரில் இரண்டாயிரம் அனுப்புகிறேன். மாதா மாதம் வரும். அந்த இரண்டு லட்சத்து எழுபதாயிரத்தை அப்பா பெயரில் வைக்காதே. என் பெயரில் எழுதிக்கொள்.

பதில் போடாவிட்டாலும் பணம் வரும்.

அனன்யா


வன்னிக்காடு
6 அக்டோபர் 2025

அனன்யாவுக்கு,

பணம் இரண்டு மாதமும் வந்தது. இந்தக் கணக்கில் போனால் முடியும்போது உன் பிள்ளைக்கு நீ டியூஷன் எடுத்துக்கொண்டிருப்பாய்.

வண்டி எடுத்துவிட்டேன், நீலக்கலர்தான். பணம் சுரேஷ்குமார் கம்பெனியில். ஜலஜாவும் மற்றவர்களும் குழுவில் எனக்காகக் கையெழுத்துப் போட்டார்கள். செவ்வாய்க்கிழமை காலையில் நானும் தரையில் உட்காருகிறேன். அவனுக்கு நாற்காலியும் பேனாவும் நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன்.

மாமா வந்துபோனார். கோயிலில் மரியாதை வாங்கிக்கொண்டார். எங்கள் வீட்டில் இரண்டு வேளை சாப்பிட்டார், வண்டியைத் தட்டிப் பார்த்து, நல்லா இரு என்றார். அந்தப் பணத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, அம்மா என்னையும் பேச விடவில்லை. கிளம்புகிற அன்று பஸ் இல்லை, பட்டுக்கோட்டை ஸ்டேஷன்வரை கொண்டுவிடச் சொன்னார். வாடகை எண்ணூறு, முதலிலேயே வைக்க வேண்டும் என்றேன். சிரித்தார். “அங்க போய்த் தரேம்மா, உன் மாமன்தானே.”

“ஷூரிட்டி யாரு மாமா?” என்றேன்.

அம்மா ஆட்டுக்குத் தண்ணி வைக்கப் போகவில்லை. அங்கேயே நின்றாள். மாமா எண்ணி வைத்தார். பட்டுக்கோட்டையில் இறங்கும்போது கதவு மூடவில்லை என்று மட்டும் சொன்னார். திட்டினால்தான் மூடும் என்றேன்.

நீ கேட்டபடி மொய் நோட்டில் அந்தப் பாக்கியை உன் பெயரில் எழுதிவிட்டேன். நம்பிக்கை வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இங்கே யாருக்கானாலும் ஒரு தடவை எழுதுவோம். உன் அப்பாவுக்கும் ஒரு தடவை எழுதினோம்.

அகிலா